கிழக்கே ஓர் அக்கினிப் பர்வதம்

முகப்பேரில் குடியிருப்பவருக்கு எரிமலையைப் பற்றிய கவலை எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள், கேள்வி நியாயமானதுதான். பரங்கிமலையிலும் பல்லாவரத்துக் குன்றுகளிலும் தலைகாட்டி நிற்பதும், சார்னகைட் என்ற பெயரால் உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திரிகள் அனைவரும் அறிந்ததுமான கருங்கல், ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் ஆழத்தில் உருக்கொண்டு இறுகிய பாறையாகும். அத்தகைய பழைய நிலத்தை நம்பி வாழும் நம்முடைய அடுக்குமாடிகளையோ, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளையோ, நொளம்பூரை ஒட்டி ஓடும் கூவத்தையோ எந்த அக்கினிக் குழம்பும் வந்து விழுங்கப் போவதில்லை. 'அந்த மலையில் புகை வருகிறது, இந்தக் குன்று வெடிக்கப் போகிறது' என்று கைபேசியில் அவ்வப்போது சுற்றிவரும் செய்திகளை வாசகர்கள் படிக்காமலே அழித்துவிடலாம்.

ஆயினும், தேசப்படத்தை விரித்து வைத்து, முகப்பேரிலிருந்து நேர் கிழக்காக ஒரு கோடு இழுத்து, அண்ணா நகரையும் கடற்கரையையும் கடந்து வங்காள விரிகுடாவின் மேல் அதை நீட்டிக்கொண்டே போய், அந்தமான் தீவுத் தொடரையும் தாண்டினால், சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவில், கோட்டுக்குச் சற்றே தெற்கில், ஜனசஞ்சாரமற்ற வட்டமான ஒரு தீவு இருப்பதைக் காணலாம். பாரன் தீவு என்பது அதன் பெயர். இந்திய எல்லைக்குள் இன்றும் உயிரோடிருக்கும் எரிமலை அது ஒன்றுதான். அதைப் பற்றிச் சொல்லுமுன், தூரத்து எரிமலைகளுக்கும் சென்னைக்கும் ஏற்கெனவே இருந்துவரும் பந்தத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் தேதி, சுமத்திராவுக்கும் ஜாவாவுக்கும் இடைப்பட்ட ஜலசந்தியில் கிராக்கத்தோவா என்னும் தீவு வெடித்துச் சிதறி, இரு கரைகளிலும் பேரலைகளை எழுப்பி 36,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, அந்த அலைகளின் மிச்சம் சமுத்திரத்தைக் கடந்து வந்து, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் அக்காலத்தில் நிறுவப்பட்டிருந்த அலைமானிகளின் காகிதத்தில் பதிவாயிற்று. இலங்கையில் காலித் துறைமுகத்துக் கடல் பின்வாங்கித் திரும்பியதைக் கரையில் நின்றவர்கள் கண்ணாரக் கண்டார்கள். அத்துடன் முடியவில்லை. செப்டம்பர் மாதத்தில் சென்னை ஜனங்கள் வானத்தைப் பார்த்தபோது சூரியன் பச்சை நிறமாகத் தெரிந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் அப்போது பௌதிகப் பேராசிரியராக இருந்தவரும், பின்னாளில் கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தின் முதல் டைரக்டராக விளங்கியவருமான மிச்சி ஸ்மித், அந்தப் பச்சைச் சூரியனின் ஒளியை நிறமாலைமானியால் பகுத்து ஆராய்ந்து எழுதி வைத்திருக்கிறார்.

இதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து நிகழ்ந்த மற்றொரு சம்பவம் இன்னும் நெருக்கமானது. 1982 ஜூன் மாதத்தில், லண்டனிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரை நோக்கிப் புறப்பட்டு, பம்பாயிலும் நம் மீனம்பாக்கத்திலும் இறங்கி, கோலாலம்பூரிலிருந்து 24ஆம் தேதி இரவு மீண்டும் எழும்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம் ஒன்று, 263 பேருடன் 37,000 அடி உயரத்தில் ஜாவாவின் தென்புறமாகச் சென்றுகொண்டிருந்தபோது, முன்கண்ணாடியில் மின்பொறிகள் படர, உள்ளே கந்தக நெடியும் புகையும் பரவ, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு எஞ்சின்களும் அணைந்துபோயின. கலுங்குங் என்ற எரிமலை கக்கிய சாம்பல் மேகத்துக்குள் விமானம் நுழைந்துவிட்டதை விமானிகள் அறியவில்லை, அறியவும் வழியில்லை, ஏனெனில், விமானத்து ரேடார் மழைத்துளியைக் காட்டுமே தவிர, உலர்ந்த சாம்பலைக் காட்டாது. சாம்பல் என்று சொல்கிறோமேயன்றி, அது விறகு எரிந்த சாம்பலன்று. பாறையும் கண்ணாடியுமாகிய நுண்ணிய துகள். எஞ்சினுக்குள் இருக்கும் உஷ்ணத்தில் அது உருகி, சுழலியின் தகடுகளில் ஒட்டிக் காற்றின் வழியை அடைத்துவிடுகிறது. எஞ்சின்கள் அணைந்து குளிர்ந்ததனால் அந்தக் கண்ணாடிப் பூச்சு வெடித்து உதிர்ந்ததும், விமானம் மேகத்துக்குக் கீழே இறங்கிவிட்டதும் சேர்ந்து, எஞ்சின்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தன. கேப்டன் எரிக் மூடி, சாம்பல் உரசி மங்கிப்போன கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே விமானத்தை ஜகார்த்தாவில் இறக்கினார். ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லை.

அந்த இரவும், அதன் பிறகு அலாஸ்காவில் 1989இல் மற்றொரு விமானத்துக்கு நேர்ந்த அதே கதியும்தான், எரிமலைச் சாம்பலை மட்டுமே கவனித்து எச்சரிக்கும் ஒன்பது நிலையங்கள் உலகில் தோன்றக் காரணமாயின. வங்கக் கடலுக்கும் அந்தமானுக்குமான எச்சரிக்கை ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்திலிருந்து வருகிறது. மேற்கே ஆப்பிரிக்கப் பக்கத்துச் சாம்பலைப் பிரான்சு தேசத்துத் துலூஸ் நகரத்து நிலையம் கவனிக்கிறது. இவை தரும் தகவலைக் கொண்டு, தத்தம் வான்பரப்பில் பறக்கும் விமானிகளுக்கு அபாய அறிவிப்புத் தருகின்ற நான்கு வானிலைக் கண்காணிப்பு அலுவலகங்கள் இந்தியாவில் உண்டு. அவற்றில் ஒன்று சென்னையில் இருக்கிறது. 2025ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி எத்தியோப்பியாவில், சரித்திர காலத்தில் வெடித்ததாகப் பதிவே இல்லாத ஹைலி குப்பி என்னும் எரிமலை திடீரென வெடித்து, அதன் சாம்பல் செங்கடலையும் அரேபியாவையும் கடந்து மறுநாள் இரவு தில்லி வானத்தை எட்டியபோது, இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. பல விமானங்கள் ரத்தாயின. சென்னையிலிருந்து மும்பை செல்லவிருந்த விமானமும் அவற்றில் ஒன்று. விமான நிலையத்தில் பெட்டியோடு காத்திருந்து முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்பிய பிரயாணிகள், 1982இன் பிரயாணிகளைக் காட்டிலும் பாக்கியசாலிகள் என்றே சொல்லவேண்டும்.

தோங்கா தீவுக்கருகே கடலுக்கடியில் 2022 ஜனவரி 15ஆம் தேதி நேர்ந்த வெடிப்பையும் இங்கே குறிப்பிடாமல் விட முடியாது. சுமார் 12,000 கிலோமீட்டருக்கு அப்பால் நிகழ்ந்த அதன் அழுத்த அலை, பத்து மணி நேரத்துக்குமேல் காற்றில் பிரயாணம் செய்து, அன்றிரவு எட்டு மணி சுமாருக்குச் சென்னையைக் கடந்து சென்றது. வானிலை ஆர்வலர்களின் பாரமானிகளில் முள் ஏறி இறங்கியதே அதற்குச் சாட்சி.

இத்தனை வல்லமை படைத்த ஒரு சக்தி, முன்னறிவிப்பு எதுவுமின்றி மனிதன்மீது பாய்கிறதா என்பதுதான் கேள்வி. பூகம்பத்தைப் பற்றி இக்கேள்வியைக் கேட்டால் விடை மனச்சோர்வையே தரும். நாளும் நேரமும் குறித்து அதை முன்கூட்டிச் சொல்லும் வித்தை இன்னும் எவருக்கும் கைவரவில்லை. எரிமலையின் விஷயம் அப்படியன்று. பாறைக்குழம்பு ஆழத்திலிருந்து மேலெழும்ப வேண்டுமானால், வழியில் உள்ள பாறையைப் பிளந்தாக வேண்டும், மேலே உள்ள நிலத்தைப் புடைக்கச் செய்தாக வேண்டும், தன்னுள் கரைந்திருக்கும் வாயுக்களை வெளிவிட்டாக வேண்டும். கோலி சோடாவின் கோலியை அழுத்தித் தள்ளியவுடன் அதுவரை தெளிந்த நீராகத் தோன்றியது நுரைத்துப் பொங்குகிறதல்லவா? ஆழத்து அழுத்தம் நீங்கியவுடன் குழம்பிலிருந்து நீராவியும் கரியமில வாயுவும் கந்தக வாயுவும் பிரிந்து பொங்குவதும் அதே நியாயத்தின்படிதான். ஆக, மலை வெடிப்பதற்கு முன்பு அதிர்கிறது, வீங்குகிறது, மூச்சுவிடுகிறது. இம்மூன்றையும் இடைவிடாமல் அளந்துகொண்டிருப்பதே எரிமலைக் கண்காணிப்பு என்ற சாஸ்திரத்தின் சாரம்.

இந்தச் சாஸ்திரத்துக்கு வயது அதிகமில்லை. இத்தாலியில் வெசூவியஸ் மலைச்சரிவில் 1841இல் அமைந்த நிலையமே உலகின் முதல் எரிமலை ஆராய்ச்சிக் கூடம். ஹவாய்த் தீவில் தாமஸ் ஜாகர் 1912இல் தொடங்கியது அதற்கடுத்த பெரிய அடி. இன்று ஒரு மலையைச் சுற்றிப் புதைத்து வைக்கும் நிலநடுக்கமானிகள், பாறை பிளக்கும்போது எழும் கூரிய அதிர்ச்சியையும், பிளவுகளின் வழியே குழம்பும் வாயுவும் நெருக்கிக்கொண்டு பாயும்போது எழும் மந்தமான நீண்ட அதிர்ச்சியையும் வேறுபடுத்திக் காட்டுகின்றன. முன்னது குறைந்து பின்னது மிகுமானால், குழம்பு வழி கண்டுகொண்டது என்று அநுபவசாலிகள் ஊகிக்கிறார்கள். சாய்வுமானியோ, ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கம்பியின் ஒரு முனையை ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் உண்டாகும் சரிவைக்கூட உணர்த்த வல்லது. மலை வாயிலிருந்து வரும் கந்தக டையாக்ஸைடு வாயு, சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து, ஒரு நாளைக்கு எத்தனை டன் வெளியாகிறதென்று தூரத்தில் நின்றே கணக்கிடுகிறார்கள்.

இதில் நம் பக்கத்து ஊரின் பங்கும் இருக்கிறது. 2025 ஜூலை 30ஆம் தேதி மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஒன்று எழும்பியது; சென்னையில் மொட்டை மாடிக்கு ஏறி நின்று ராக்கெட் பார்ப்பது ஒரு வழக்கமாகிவிட்டதால், அன்று அதைத் தேடியவர்களும் பலர் இருந்திருப்பார்கள். அதில் சென்ற நிசார் என்ற செயற்கைக்கோள், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் நாசாவும் சேர்ந்து சமைத்தது. 12 மீட்டர் அகலமுள்ள அதன் வலைக்குடை, மேகத்தையும் மரக்கூட்டத்தையும் ஊடுருவும் ரேடியோ அலைகளால் பூமியின் நிலப்பரப்பு அநேகமாக முழுவதையும் 12 நாட்களுக்கு இரண்டு முறை வருடிச் செல்வது. முன்பு எடுத்த பதிவையும் பின்பு எடுத்த பதிவையும் பொருத்திப் பார்த்தால், தரை ஒரு சில சென்டிமீட்டர் உயர்ந்திருந்தாலும் தாழ்ந்திருந்தாலும் தெரிந்துவிடும். மனிதன் கால் வைக்க முடியாத எரிமலைகளை இனி கண்காணிப்பதற்கு இதைவிட நல்ல சாதனம் கிடைப்பது அரிது. ஆனாலும், குழம்பு சில மணி நேரத்தில் மேலேறிவிடக் கூடியது. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை வந்து போகும் கண்ணை மட்டும் நம்பிக்கொண்டிருக்க முடியாது.

எரிமலைக்கு அருகில் தமிழர் வாழும் தேசமொன்று உண்டென்பதும், அங்கே இக்கலை மிக உயர்ந்த நிலையில் இருப்பதும் நம்மில் பலர் அறியாதவை. இந்து மகாசமுத்திரத்தில் பிரான்சுக்கு உரிய ரெயூனியன் தீவுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும், 1861 முதல் சில பத்தாண்டுகளுக்குச் சென்னை ராஜதானியிலிருந்தும், கரும்புத் தோட்டத்துக்கென்று ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட நம்மவரின் சந்ததியார், மொழியைப் பெரும்பாலும் இழந்தும் மாரியம்மனையும் தீமிதியையும் இழக்காமல், மலபார்கள் என்ற பெயரோடு அங்கே வாழ்கிறார்கள். அத்தீவின் தென்கிழக்கில் 2,632 மீட்டர் உயரத்தில் நிற்கும் பித்தோன் த லா ஃபூர்னேஸ், சராசரியாக ஆண்டுக்கு இரண்டு தடவை வெடிக்கின்ற, உலகிலேயே மிகச் சுறுசுறுப்பான எரிமலைகளுள் ஒன்று. அதன் குழம்பு வழக்கமாக மலையைச் சூழ்ந்த குதிரைலாட வடிவமான பள்ளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். 1977 ஏப்ரலிலோ அந்த எல்லைக்கு வெளியே பூமி வாய் திறந்து, பித்தோன் சேந்த் ரோஸ் என்ற கடற்கரைக் கிராமத்துக்குள் குழம்பு இறங்கி, வீடுகளை எரித்து, மாதா கோவிலின் வாசல் வரை சென்று இறுகிப் போயிற்று. ஜனங்கள் முன்பே வெளியேறியிருந்ததால் உயிர் பிழைத்தார்கள்.

அந்த அதிர்ச்சியின் பலனாகவே 1979இல் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இன்று அம்மலையின் மேனி முழுவதும் கருவிகள் பரவிக் கிடக்கின்றன. மலை மெல்ல வீங்கத் தொடங்கினால் வாரக்கணக்கில் முன்னதாகவே தெரிந்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் நூற்றுக்கணக்கான சிறு அதிர்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவியும். அது கண்டதும் நிலையத்தார் பிரிஃபெக்ட் என்னும் அதிகாரிக்குச் சொல்ல, அவர் பள்ளத்துக்குச் செல்லும் பாதைகளை மூடி, உள்ளே இருப்பவர்களை வெளியேற்றச் செய்கிறார். குழம்பு வெளிவருவதற்குள் கிடைக்கும் அவகாசம் சில வேளை பல மணி நேரம், சில வேளை ஒரு மணிக்கும் குறைவு. 2007 ஏப்ரலில் மலையின் உச்சியே 300 மீட்டருக்கும் அதிகமாக உள்ளிடிந்து விழுந்தபோதுகூட ஒரு மனித உயிர் போகவில்லை. இதில் கவனிக்க வேண்டியது கருவியின் நுட்பம் மட்டுமன்று. சொல்லவேண்டியவர் யார், கேட்கவேண்டியவர் யார், கேட்டவுடன் செய்யவேண்டியது என்ன என்பதெல்லாம் அமைதியான காலத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதே பெரிது.

இக்கலையின் சரித்திரத்திலே பொன்னெழுத்துக்களால் பொறிக்கத்தக்க வெற்றி, பிலிப்பைன்ஸ் தீவின் பினதூபோ மலையில் 1991இல் கிடைத்தது. ஏறக்குறைய 500 ஆண்டுகளாக உறங்கி, எரிமலை என்பதையே பெரும்பாலோர் மறந்திருந்த அந்தப் பர்வதத்தில், ஏப்ரல் 2ஆம் தேதி நீராவி பீறிட்டு வெடித்ததை முதலில் கண்டவர்கள் அதன் சரிவுகளில் வாழ்ந்த அயேட்டா என்னும் ஆதிகுடிகள். அவர்கள் சொன்னதைத் தலைநகரத்துக்குக் கொண்டுவந்து விஞ்ஞானிகளிடம் சேர்ப்பித்தவர் அவர்களிடையே தொண்டு செய்துவந்த ஒரு கன்னியாஸ்திரீ. எரிமலை நிலையத்தின் தலைவரான ரேமுண்டோ புனோங்பயான் உடனே நிலநடுக்கமானிகளை அனுப்பினார். அமெரிக்க விஞ்ஞானிகள் சிலரும் வந்து சேர்ந்தார்கள். மே மாதத்தில் இரண்டே வாரத்துக்குள் கந்தக வாயு பத்து மடங்காகப் பெருகி ஒரு நாளைக்கு 5,000 டன்னைத் தாண்டிற்று; ஜூன் முதல் வாரத்தில் அது சட்டென்று வற்றியது. வாயு குறைந்ததே, அபாயமும் குறைந்தது என்று பாமரன் நினைப்பான். வாய் அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று அஞ்சுவதே அறிவாளியின் வேலை.

ஆனால், தாம் அஞ்சுவதை மற்றவரும் அஞ்சும்படிச் செய்வது எப்படி? எரிமலையைப் பாராத கவர்னர்களுக்கும் மேயர்களுக்கும் அனல்மேகம் என்றால் என்ன, சேற்றுப் பிரவாகம் என்றால் என்ன என்று வார்த்தைகளால் விளக்கித் தோற்றுப்போன விஞ்ஞானிகளுக்குக் கைகொடுத்தது ஒரு சலனப் படம். பிரெஞ்சுத் தம்பதிகளான மோரிஸ் கிராஃப்ட்டும் கத்யா கிராஃப்ட்டும் உலகத்து எரிமலைகளின் வாயிலில் நின்று பிடித்த காட்சிகள் அவை. ஜனாதிபதி முதல் கிராமத்து ஜனங்கள் வரை அதைப் பார்த்தவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. அந்தப் படம் பிலிப்பைன்ஸில் உயிர்களைக் காத்துக்கொண்டிருந்த நாட்களிலேயே, ஜூன் 3ஆம் தேதி, ஜப்பானின் உன்ஸென் மலையில் பாய்ந்த அனல்மேகத்தில் அத்தம்பதிகள் இருவரும், அவர்களோடு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களும் மாண்டுபோனார்கள். ஜூன் 9ஆம் தேதி பினதூபோவுக்கு உச்சகட்ட எச்சரிக்கையான ஐந்தாம் எண் ஏற்றப்பட்டது. மறுநாள் காலை, கிளார்க் விமானத் தளத்திலிருந்து 14,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் வரிசை வரிசையாக வண்டிகளில் வெளியேறினார்கள். 15ஆம் தேதி மலை வெடித்தது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய வெடிப்பு அது. அன்றே புயலும் வந்து சேர்ந்து, நனைந்த சாம்பலின் பாரத்தால் கூரைகள் இடிந்து பல நூறு பேர் இறந்தார்கள் என்பது உண்மை. எச்சரிக்கை இல்லாதிருந்தால் இன்னும் 5,000 பேராவது போயிருப்பார்கள் என்பது அதனினும் பெரிய உண்மை.

இதே காரியம் ஆறு ஆண்டுகளுக்கு முன் கொலம்பியாவில் எப்படித் தவறிற்றென்று பார்த்தால், குறை யந்திரத்தில் இல்லை என்பது விளங்கும். நெவாதோ தெல் ரூயிஸ் என்ற பனி மூடிய மலை மாதக்கணக்கில் குமுறிக்கொண்டிருந்தது. வெடித்தால் எந்தெந்தப் பள்ளத்தாக்கு வழியே சேற்று வெள்ளம் வரும் என்று காட்டும் படத்தை 1985 அக்டோபரிலேயே விஞ்ஞானிகள் வரைந்து கொடுத்திருந்தார்கள். ஆர்மேரோ என்ற ஊர் அப்படத்தில் அபாயப் பகுதிக்குள்ளேயே இருந்தது. நவம்பர் 13ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு மலை வெடித்து, பனியை உருக்கி, சேறும் பாறையுமாக ஆற்றில் இறக்கியது. அது ஆர்மேரோவை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. குன்றின்மேல் ஏறி நின்றிருந்தாலே போதும். ஏறச் சொல்ல ஆளில்லை. வீட்டுக்குள்ளேயே அமைதியாக இருங்கள் என்று சொல்லத்தான் ஆளிருந்தது. 23,000 பேர் புதைந்துபோனார்கள். 2015ஆம் ஆண்டு டிசம்பரில், வாசற்படியைத் தண்ணீர் தொட்ட பிறகுதான் வெள்ளம் வருகிறதென்று தெரிந்துகொண்ட பலர் நொளம்பூரிலும் முகப்பேரிலும் இன்னும் இருக்கிறார்கள். ஆர்மேரோவின் கதையை அவர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

எச்சரிப்பவரின் சங்கடத்தையும் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. கரீபியக் கடலில் குவாதலூப் தீவின் சூஃப்ரியேர் மலை 1976இல் புகையத் தொடங்கியபோது, 70,000க்கும் அதிகமானவர்களை வீடு வாசலை விட்டு மாதக்கணக்கில் அகற்றி வைத்தார்கள். பெரிய வெடிப்பு வரவேயில்லை. பிரெஞ்சு விஞ்ஞானிகள் இரு கட்சியாகப் பிரிந்து பத்திரிகைகளில் ஒருவரையொருவர் தூற்றிக்கொண்டதுதான் மிச்சம். இதற்கு நேர்மாறானது ஜப்பானின் சகுராஜிமா. 1914 ஜனவரியில் கிணற்று நீர் கொதித்ததையும் தரை அதிர்ந்ததையும் கண்டு மிரண்ட தீவு ஜனங்கள் வானிலை நிலையத்தைக் கேட்டபோது, மலை வெடிக்காது என்று பதில் வந்தது. பதிலை நம்பாத பெரும்பாலோர் படகேறித் தப்பினார்கள், நம்பித் தங்கியவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். சித்தாந்தங்களை நம்பாதீர்கள், அறிகுறி கண்டவுடன் புறப்படுங்கள் என்ற பொருள்பட அவ்வூரார் பிற்பாடு ஒரு கல்லே நாட்டி வைத்திருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், அகற்றிய பிறகு வெடிக்காமற்போன மலைக்காக ஒரு விஞ்ஞானியைப் பரிகசிப்பது, அடுத்த முறை அவரை வாய் திறவாமல் செய்வதற்கே உதவும். வீண் அலைச்சலைப் பொறுத்துக்கொள்ளும் பக்குவம் ஜனங்களுக்கு வேண்டும்.

இனி நம்முடைய பாரன் தீவுக்கு வருவோம். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டிருப்பதும், தமிழர் கணிசமாக வாழ்வதுமான அந்தமான் தலைநகரிலிருந்து வடகிழக்கே சுமார் 138 கிலோமீட்டர் தூரத்தில் அது இருக்கிறது. குறுக்களவு மூன்று கிலோமீட்டர்தான். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 350 மீட்டர் தெரிகிறது. கடலடியிலிருந்து அளந்தாலோ 2,000 மீட்டருக்கும் மிகுந்த பர்வதம். இந்தியாவைச் சுமக்கும் பூமித் தட்டு, அந்தமானுக்கு மேற்கே உள்ள அகழியில் பர்மியத் தட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டு போகையில், தன்னோடு இழுத்துச் சென்ற நீரை ஆழத்தில் விட்டுவிட, அந்த நீரால் மேலிருக்கும் பாறையின் உருகுநிலை தாழ்ந்து குழம்பு பிறக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி நம் கடற்கரையைச் சூறையாடிய ஆழிப்பேரலைக்குக் காரணமான பூகம்பமும் அதே தட்டுகளின் உராய்வில் பிறந்ததுதான். அந்தப் பூகம்பத்துக்கு ஐந்து மாதம் கழித்து, 2005 மே மாதத்தில், பாரன் தீவு வெடித்தது. ஒன்றால் மற்றொன்று தூண்டப்பட்டதோ என்ற ஐயம் எழுவது இயற்கை. ஒரு தடவை நிகழ்ந்ததைக் கொண்டு விதி வகுக்க முடியாது.

1787இல் அது வெடித்ததை மாலுமிகள் பதிவு செய்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு மௌனம். பூகர்ப்ப ஆய்வுத் துறையைச் சேர்ந்த மாலெட் 1880களில் அத்தீவையும் அதற்கு வடக்கே உள்ள நார்கொண்டம் தீவையும் ஆராய்ந்து நூலே எழுதினார். தீவில் விடப்பட்ட வெள்ளாடுகள், மனிதன் குடிக்க மறுக்கும் உப்புநீரைக் குடித்துப் பல்கிப் பெருகின. 1991இல் மலை விழித்துக்கொண்டது. மாதக்கணக்கில் கக்கிய குழம்பு, மலையைச் சூழ்ந்த பாறை மதில் மேற்குப் பக்கத்தில் உடைந்திருந்த வழியே கடலில் இறங்கிற்று. 1994-95இலும், 2005க்குப் பிறகு விட்டு விட்டும் அது இயங்கிக்கொண்டே வருகிறது. 2017 ஜனவரி 23ஆம் தேதி, கோவாவில் உள்ள தேசிய சமுத்திரவியல் நிறுவனத்தின் சிந்து சங்கல்ப் கப்பல், அருகில் கடலடி மண்ணை எடுத்துக்கொண்டிருந்தபோது, மலை சாம்பல் கக்கத் தொடங்கியது. கப்பலை ஒரு மைல் தூரத்துக்குக் கொண்டுபோய், விட்டு விட்டு அது குமுறியதையும், பொழுது சாய்ந்த பிறகு செங்குழம்பு பீறிட்டதையும் பார்த்து எழுதினார்கள். 2025 செப்டம்பரில் எட்டு நாள் இடைவெளிக்குள் இருமுறை சிறிதாக வெடித்ததைக் கடற்படைக் கப்பலிலிருந்து படம் பிடித்தார்கள்.

வேறொரு வேலையாகப் போன கப்பலுக்கு அகஸ்மாத்தாகக் கிடைத்த காட்சிதான், நம் ஒரே எரிமலையைப் பற்றி நம் பத்திரிகைகளில் வந்த பெரிய செய்தி என்பது எனக்கு உவப்பானதாக இல்லை. ஆள் குடியில்லாத தீவுதானே என்ற சமாதானம் பாதி நியாயமே. 2018 டிசம்பர் 22ஆம் தேதி இரவு, கிராக்கத்தோவாவின் குழந்தை என்று பெயர் பெற்ற அனக் கிராக்கத்தோவாவின் ஒரு பக்கம் இடிந்து கடலில் விழுந்து எழுப்பிய அலை, ஜாவாவிலும் சுமத்திராவிலும் 400க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பூகம்பத்தைக் கண்டால் மட்டும் மணியடிக்கும்படி அமைந்திருந்த எச்சரிக்கை முறை வாளாவிருந்துவிட்டது. அந்தத் தீவிலும் குடியிருப்பு எதுவும் கிடையாது. பாரன் தீவு அப்படி இடியும் என்று நான் சொல்லவில்லை. இடியாது என்று சொல்வதற்கும் அளவுகள் வேண்டும் என்கிறேன்.

நூற்றுக்கும் அதிகமான எரிமலைகளோடு வாழும் இந்தோனேசியா, தான் கண்காணிக்கும் ஒவ்வொரு மலைக்கும் நான்கு நிலைகளுள் ஒன்றைக் குறித்து, அதை நாள்தோறும் ஜனங்கள் பார்க்கும்படி வெளியிடுகிறது. மலையடிவாரத்துக் குடியானவனுக்கும் இன்று தன் மலை எந்த நிலையில் நிற்கிறதென்று தெரியும். நமக்கு இருப்பதோ ஒரே மலை. அதற்கும் அப்படியொரு நிலை எண்ணை வகுத்து, நிலநடுக்கமானியும் வாயுமானியும் காட்டும் அளவுகளையும், நிசார் அனுப்பும் பதிவுகளில் தெரியும் மாற்றங்களையும் சேர்த்து, அந்தமான் வாசிகள் படிக்கக்கூடிய ஹிந்தி, வங்காளம், தமிழ் முதலிய பாஷைகளில் தினந்தோறும் அறிக்கை வெளியிட மத்திய சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும். இந்தக் கோரிக்கையை வரும் கூட்டத் தொடரிலேயே எழுப்பும்படி நம் பாராளுமன்ற உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.